ஒன்பதாம் வகுப்பு நோட்டில் கிராஃபிட்டி: அதை வனப்பெழுத்து என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஓவிய வாத்தியார், குடந்தை

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். ஒரு வாரமாக மனதில் உறுத்திக்கொண்டிருப்பதை இங்கே வைக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒன்பதாம் வகுப்புக்கு வனப்பெழுத்துப் (கேலிகிராஃபி) பயிற்சி கொடுத்தேன். பட்டை நிப் வாங்க எல்லாப் பிள்ளைகளிடமும் காசு இருக்காது. அதனால் மூங்கில் குச்சியைச் சீவி, நுனியைச் சாய்வாக நறுக்கி, மையில் தொட்டு எழுதச் சொன்னேன். 'உழவர்' என்ற ஒரே சொல், பக்கம் முழுக்க. எல்லோரும் எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒரு பையன் மட்டும் மூங்கிலைத் தொடவே இல்லை. பட்டை முனை மார்க்கரால் இரண்டு பக்கம் நிரப்பியிருந்தான். முதல் பக்கத்தில் அதே சொல் நாற்பது தடவைக்கு மேல், ஒவ்வொன்றும் ஒரே வீச்சில் எழுதியது. 'ழ'வின் வால் கீழே இறங்கி, அடுத்த எழுத்தின் அடியில் ஓடி, 'ர்' முடிகிற இடத்தில் அம்பு முனையாக நிற்கிறது. இரண்டாம் பக்கத்தில் அந்தச் சொல் பக்கம் கொள்ளாத அளவுக்குப் பெரிதாக, ஊதின பலூன் மாதிரி, எழுத்துக்குள் எழுத்து புகுந்து, ஓரக்கோடு கட்டி, நிழல் போட்டு, மூன்று வண்ணத்தில். சுவர்களில் மார்க்கராலும் வண்ணத்தாலும் எழுதும் கிராஃபிட்டியை செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டானாம்.

சிவப்பு மையில் 'இது வனப்பெழுத்து அல்ல' என்று எழுதி, பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டேன். மறுநாள் வந்து, "அப்ப எது சார் வனப்பெழுத்து?" என்று கேட்டான். எதிர்த்துப் பேசவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பத்தொன்பது வருடமாக இந்தப் பாடத்தை எடுக்கிறேன். 'அழகாக எழுதுவது' என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. அவனுடையது அழகாக இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை.

தமிழம்மா, திருவையாறு

சார், நீங்கள் போட்ட மூன்று சரி என்பதுதான் என் கருத்து.

நான் தமிழ் நடத்துகிறவள். ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் 'ர'வையும் துணைக்காலையும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மாறிப்போனால் 'செறு' என்பது 'சேறு' ஆகிவிடும். வயல் என்று எழுத நினைத்த பிள்ளை சகதி என்று எழுதிவிட்டுப் போகும். இதைத் திருத்தவே ஒரு வருடம் போதவில்லை. ஓவிய வகுப்பில் 'எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம்' என்று சொன்னால் அடுத்த மணிக்கு என் வகுப்பில் அது வந்து நிற்கும். எழுத்து என்பது இன்னொருவர் வாசிப்பதற்காக. அந்தப் பையனின் 'ர்' மேல் புள்ளி இருந்ததா? அதை மட்டும் சொல்லுங்கள்.

வடவாறு

அம்மாவுக்கு வணக்கம். நான் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவன். இப்போது எழுத்து வடிவமைப்புதான் பிழைப்பு. பையன் பக்கம் நின்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கிராஃபிட்டி என்றதும் சுவரைப் பாழாக்கும் வேலை என்று நாம் முடித்துவிடுகிறோம். இன்று நாம் பார்க்கும் வகை 1960களின் கடைசியில் அமெரிக்காவில் பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் பிறந்தது. நியூயார்க்கில் கடிதப் பொட்டலங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்த ஓர் இளைஞர், போகிற இடமெல்லாம் 'டாகி 183' என்று மார்க்கரால் எழுதினார். செல்லப்பெயர் பாதி, குடியிருந்த தெருவின் எண் பாதி. 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றிச் செய்தி போட்டது. அதன் பிறகு நகரமே எழுத ஆரம்பித்தது. ஒன்றைக் கவனியுங்கள்: அவர்கள் தங்களை ஓவியர் என்று சொல்லிக்கொள்ளவில்லை, எழுதுகிறவர் என்றுதான் சொன்னார்கள். ரைட்டர். இன்றைக்கும் அந்தச் சொல்தான்.

அவர்கள் செய்வதில் வகைகள் உண்டு. ஒரே வீச்சில் பெயரை எழுதுவது டேக். பெரிதாக, வண்ணம் நிரப்பி, மணிக்கணக்கில் செய்வது பீஸ். எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னி, அந்த வட்டத்துக்குள் இருப்பவர் மட்டும் வாசிக்கும்படி ஆகிவிட்டால் அது வைல்ட்ஸ்டைல். சார், உங்கள் மாணவன் முதல் பக்கத்தில் டேக் எழுதியிருக்கிறான், இரண்டாம் பக்கத்தில் பீஸ் செய்திருக்கிறான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் போட்டதில்தான் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓவிய வாத்தியார், குடந்தை

அம்மா, இப்போதுதான் நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். புள்ளி இருக்கிறது. எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆனால் வட்டமாக இல்லை. மார்க்கரைச் சாய்த்து ஒரு வைப்பு வைத்திருக்கிறான், சாய்சதுரமாக விழுந்திருக்கிறது.

நாகூர் கலம்

சாய்சதுரப் புள்ளி என்றதும் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன் வாத்தியாரே.

எனக்குத் தெரிந்தது அரபு வனப்பெழுத்து. நாணலைச் சீவி, நுனியைச் சாய்வாக வெட்டினால் அதுதான் கலம். அதை ஒரு தடவை காகிதத்தில் அழுத்தினால் விழுவது இதே சாய்சதுரம். நுக்தா என்போம். எங்கள் எழுத்துக்கு அளவுகோலே அதுதான். அலிஃப் என்ற எழுத்து இத்தனை நுக்தா உயரம், பே என்ற எழுத்து இத்தனை நுக்தா அகலம் என்று கணக்கு. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் அமைச்சராக இருந்த இப்னு முக்லா வகுத்த முறை என்று சொல்வார்கள். எழுத்தின் அளவை வெளியிலிருந்து ஸ்கேல் வைத்துப் பார்ப்பதில்லை. எழுதுகிற முனையே அளவைக் கொடுக்கிறது.

அந்தப் பையனின் மார்க்கர் முனையும், நீங்கள் நறுக்கிக் கொடுத்த மூங்கிலும், என் நாணலும் ஒரே வெட்டுதான். அவன் பயிற்சியை மீறினான் என்கிறீர்கள். கருவியை மாற்றினான், முனையை மாற்றவில்லை.

தமிழம்மா கேட்ட வாசிப்பு விஷயத்துக்கும் ஒரு வார்த்தை. பள்ளிவாசல்களில் துளுது என்ற அரபு எழுத்து வகையில் வசனங்களை அடுக்கி எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சொல்லின் மேல் இன்னொரு சொல் ஏறி நிற்கும். அரபு தெரிந்தவர்களுக்கே, அந்த வசனம் முன்பே மனப்பாடமாக இருந்தால்தான் பிடிபடும். அதை யாரும் வனப்பெழுத்து இல்லை என்று சொன்னதில்லை.

கல்வெட்டு வாசகன், தஞ்சை

புள்ளியைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ராஜராஜன் காலத்துக் கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஓலையிலும் அப்படித்தான், எழுத்தாணியால் குத்தினால் ஓலை ஓட்டையாகும். இடம் பார்த்து, சொல் பார்த்து வாசிப்பவரே புள்ளியைச் சேர்த்துக்கொண்டார். ஆயிரம் வருடம் தமிழ் அப்படித்தான் வாசிக்கப்பட்டது அம்மா. இன்றைய பிள்ளைகளுக்குப் புள்ளி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாசிக்கச் சிரமமான எழுத்து எழுத்தே அல்ல என்ற வாதம் நம் ஊர்க் கல் முன்னாலேயே நிற்காது, அவ்வளவுதான்.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றிவந்தால் சுவரே புத்தகமாக இருக்கும். நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றவர் கொடுத்தனவும் ஸ்ரீவிமானத்தில் 'கல்லிலே வெட்டுக' என்று அரசன் ஆணையிட்டதை அந்தக் கல்வெட்டே சொல்கிறது. சோழர் காலச் சாசனங்கள் பலவற்றின் முடிவில் 'இவை இன்னார் எழுத்து' என்று கையொப்பம் வரும். எழுதியவர், சாட்சி நின்றவர் எல்லோரும் பெயரைப் பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சுவரில் பெயர் எழுதுவது நமக்குப் புதிதல்ல.

ஆனால் இதையும் சொல்லாமல் இருக்க முடியாது. அதே கோயிலில், தாராசுரத்தில், கங்கைகொண்ட சோழபுரத்தில் கல்லில் ஆணியால் பெயரைக் கீறிவைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பக்கத்திலேயே ஆயிரம் வருடத்து எழுத்து இருக்கும். அதன் மேலேயே ஓர் இதயம், இரண்டு பெயர். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் இப்படிச் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2010இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். கிராஃபிட்டியை வகுப்பில் எடுக்கிற ஆசிரியர் இதையும் அந்த வகுப்பிலேயே எடுக்க வேண்டும். யாருடைய சுவர், யார் சம்மதம் கொடுத்தது என்று கேட்காமல் இந்தப் பாடம் முடியாது.

இன்னொரு சங்கதி, ஓவிய வாத்தியார் வகுப்பில் சொல்லலாம். பானை ஓடுகளில் காணும் கீறல் குறிகளைத் தொல்லியலாளர்கள் 'கிராஃபிட்டி' என்றே அழைக்கிறார்கள். கீழடியில் அவற்றோடு 'ஆதன்', 'குவிரன்' என்று பழந்தமிழ் எழுத்தில் ஆள் பெயர் கீறிய ஓடுகளும் கிடைத்தன. நம் பக்கத்தில், மயிலாடுதுறையை ஒட்டிய செம்பியன்கண்டியூரில், 2006இல் ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டுக் கொல்லையில் கன்று வைக்கக் குழி தோண்டியபோது குறிகள் பொறித்த கற்கோடரி கிடைத்தது. அவை சிந்துவெளிக் குறிகள் என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார்.

மன்னை பிரஷ்காரர்

எல்லோரும் பெரிய விஷயமாகப் பேசுகிறீர்கள். நான் சுவரில் எழுதிப் பிழைத்தவன். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை வரைக்கும் அரிசி ஆலைச் சுவர், உரக்கடைச் சுவர், பாலத்துக் கட்டை என்று என் கை படாத இடம் குறைவு. ஃபிளெக்ஸ் வந்த பிறகு வேலை நின்றது. அது கிடக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

எழுத்தை எழுதுவது வேறு, எழுத்தை வரைவது வேறு.

தேர்தல் நேரத்தில் ஒரு ராத்திரிக்கு இருபது சுவர் முடிக்க வேண்டும். முதலில் சுண்ணாம்பு. காய்ந்ததும் நூலில் நீலப்பொடி தடவி இரண்டு முனையிலும் ஆள் பிடித்துச் சுண்டினால் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. அதற்கு நடுவில் பென்சில், சாக்பீஸ் எதுவும் கிடையாது. பட்டை பிரஷ்ஷை நனைத்து நேராக எழுத வேண்டியதுதான். வளைவு வரும்போது பிரஷ்ஷை விரலுக்குள் உருட்ட வேண்டும். அப்போதுதான் தடிப்பிலிருந்து மெலிவுக்குத் தானாக இறங்கும். 'ழ' என்றால் எனக்கு மூன்று இழுப்பு. வால் கடைசி. வால் இழுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். தப்பினால் திருத்த முடியாது, திருத்தினது தூரத்திலிருந்தே தெரியும். என் குருநாதர் முதல் ஆறு மாதம் எனக்குச் சுழி மட்டும்தான் கொடுத்தார். பழைய செய்தித்தாளில் சுழி, சுழி, சுழி. அப்புறம்தான் கொம்பு.

கடை போர்டு வேறு. அங்கே சாக்பீஸில் ஓரம் கட்டி, உள்ளே நிரப்பி, காய்ந்ததும் ஷேட் கொடுத்து, மறுபடி ஓரம் இழுத்து இரண்டு நாள் செய்வோம். தப்பினால் துடைத்துவிட்டுத் திரும்பச் செய்யலாம். அதுவும் கைத்திறன்தான், காசும் அதில்தான் அதிகம். ஆனால் அது வரைகிற வேலை. அங்கே கண்ணுக்குத்தான் பொறுப்பு. சுவரில் எழுதும்போது கைக்குப் பொறுப்பு.

வாத்தியாரே, உங்கள் பையனின் முதல் பக்கம் எழுதினது. இரண்டாம் பக்கம் வரைந்தது. இரண்டாம் பக்கத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். முதல் பக்கத்தில் உள்ள நாற்பது 'ழ'வையும் வரிசையாகப் பாருங்கள். வால் எல்லாம் ஒரே இடத்தில் திரும்புகிறதா? திரும்பினால் அவனுக்குக் கை வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினால் வீடியோவில் பார்த்த உருவத்தை நகல் எடுக்கிறான் என்று அர்த்தம்.

வடவாறு

அண்ணே, நீங்கள் சொன்னதைத்தான் நான் மூன்று வருடம் கல்லூரியில் உட்கார்ந்து படித்தேன். திருத்தாமல் நேரடி இழுப்பில் உருவாவது வனப்பெழுத்து, கட்டிக் கட்டி உருவாக்குவது எழுத்து ஓவியம். எங்களுக்கு இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை.

உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு தகவல். ரோமில் டிராஜன் என்ற பேரரசரின் தூணின் அடியில் இருக்கும் கல்வெட்டு, கி.பி. 113ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ரோமன் பெரிய எழுத்துகளுக்கு அதைத்தான் இலக்கணமாகக் காட்டுவார்கள். அந்த எழுத்தின் முனைகளில் வரும் சிறு விரிவு உளியால் வந்தது என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். எட்வர்ட் கேட்டிச் என்ற அமெரிக்கப் பாதிரியார் அது உளி செய்தது அல்ல, முதலில் பட்டைத் தூரிகையால் கல்லில் எழுதி அதன் மேல் வெட்டினார்கள் என்று வாதிட்டுக் காட்டினார். அவருக்கு எப்படித் தெரிந்தது? இளமையில் சிகாகோவில் சைன்போர்டு எழுதியவர். தூரிகையை விரலில் உருட்டிய கைக்கு அந்தத் தடம் தெரிந்திருக்கிறது.

கிராஃபிட்டிக்காரர்களே இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் சின்ன வயதிலிருந்து சுவரில் எழுதிய நீல்ஸ் மியுல்மன், 2007இல் தன் கண்காட்சிக்கு 'கேலிகிராஃபிட்டி' என்று பெயர் வைத்தார். அகலத் தூரிகை, ஒரே வீச்சு.

நாகூர் கலம்

எங்கள் பக்கத்திலிருந்தும் ஒருவர். எல் சீட் என்ற பெயரில் எழுதுபவர், பாரிஸில் வளர்ந்த துனிசியக் குடும்பத்துப் பிள்ளை. கிராஃபிட்டியில் ஆரம்பித்து அப்புறம் அரபு எழுத்தைத் தேடிப் போனவர். 2012இல் துனிசியாவின் காபெஸ் நகரில் ஒரு பள்ளிவாசல் மினாராவில் குர்ஆன் வசனம் எழுதினார். 2016இல் கெய்ரோவில் குப்பை சேகரிக்கும் மக்கள் வாழும் மன்ஷியத் நாசர் பகுதியில், ஏறத்தாழ ஐம்பது கட்டடங்களின் மேல் ஒரே வாசகத்தைப் பரப்பினார். முகத்தம் குன்றின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்த்தால்தான் அது முழுதாகத் தெரியும். எழுதின வாசகம் அலெக்ஸாந்திரியாவின் அத்தனேசியஸ் என்ற கிறிஸ்தவப் பெரியவருடையது.

ஆனாலும் ஒரு வித்தியாசத்தை நான் மறைக்க மாட்டேன். எங்கள் மரபில் மாணவன் தன் எழுத்துக்கடியில் பெயர் போட முடியாது. உஸ்தாத், அதாவது ஆசிரியர், இஜாஸா என்ற அனுமதி கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் எழுதுவது எல்லாம் பயிற்சி. கிராஃபிட்டி நேர் எதிர். அங்கே முதலில் எழுதுவதே பெயர். அந்தப் பையன் தன் பெயரை எழுதாமல் வாத்தியார் கொடுத்த 'உழவர்' என்ற சொல்லையே நாற்பது தடவை எழுதியிருக்கிறான் பாருங்கள். எனக்கு அது பெரிதாகப் படுகிறது.

தமிழம்மா, திருவையாறு

எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்தேன்.

நான் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றதே சுவரில்தான். அப்பா சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து போகும்போது வழி நெடுகச் சுவர் எழுத்தை உரக்கப் படித்துக்கொண்டே போவேன். 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. 'ணை', 'லை', 'னா' முதலான பதின்மூன்று எழுத்துகள் மாறின. யானைத் துதிக்கை மாதிரி வளைந்த பழைய 'லை' போய் இன்றைய 'லை' வந்தது. அதன் பிறகும் ரொம்ப நாள் சுவரில் பழைய 'லை' இருந்தது. எனக்கு இரண்டும் வாசிக்க வந்தது, ஒன்றும் குழம்பவில்லை. மன்னைக்காரர் எழுதியதை வாசித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

ஆக, உருவம் மாறினாலே பிள்ளை கெட்டுப்போகும் என்று நான் சொன்னதை விட்டுவிடுகிறேன். இரண்டு விஷயத்தில் மட்டும் விட மாட்டேன். ஒன்று, 'ழ' என்பது 'மு'வாகவோ 'ற' என்பது 'ம'வாகவோ தெரியும் அளவுக்கு வளைத்தால் அது பிழை, வனப்பு அல்ல. இரண்டாவது, பக்கத்தின் தலையில் அதே சொல்லைத் தெளிவான கையெழுத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எதிலிருந்து வளைக்கிறான் என்று அவனுக்கே தெரிய வேண்டும். சரி, மூன்று மதிப்பெண்ணைத் திருத்துங்கள் சார்.

கல்வெட்டு வாசகன், தஞ்சை

அம்மாவின் தலைவரி யோசனை நன்றாக இருக்கிறது. மராட்டி எழுதப் பயன்பட்ட மோடி என்ற எழுத்தில் இதைப் போல ஒன்று உண்டு. தஞ்சை மராட்டியர் காலத்து ஆவணங்கள் சரசுவதி மகால் நூலகத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. மோடி என்பது வேகத்துக்காகவே வளர்ந்த எழுத்து. கலத்தை எடுக்காமல் சொல்லுக்குச் சொல் ஓடும். பக்கத்தின் குறுக்கே முதலில் தலைக்கோட்டை இழுத்துவிட்டு, எழுத்துகளை அதில் தொங்கவிடுவார்கள். மன்னை அண்ணன் நூல் சுண்டிய மாதிரிதான். வேகமும் ஒழுங்கும் ஒரே கையில் இருக்கலாம் என்பதற்கு அந்தத் தாள்களைக் காட்டலாம்.

ஓவிய வாத்தியார், குடந்தை

நேற்று வகுப்பில் செய்ததைச் சொல்கிறேன்.

பையனைக் கூப்பிட்டு முதல் பக்கத்தை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். மன்னை அண்ணன் சொன்னபடி 'ழ'வின் வாலைப் பார்த்தேன். முதல் பத்தில் ஆட்டம் இருக்கிறது. பதினைந்தாவதுக்குப் பிறகு எல்லாம் ஒரே இடத்தில் திரும்புகின்றன. முப்பதுக்கு மேல் கை களைத்து மறுபடி சரிகிறது. அவனிடம் எதுவும் சொல்லாமல் எதைப் பார்க்கிறாய் என்று கேட்டேன். இருபத்திரண்டாவதைத் தொட்டு, "இது சார், இதுல மட்டும் 'வ'வும் 'ர்'ரும் இடிக்கல" என்றான். இடைவெளியைத் தானே கண்டுபிடித்திருக்கிறான். அதைச் சொல்லிக்கொடுக்க நான் ஒவ்வொரு வருடமும் இரண்டு வகுப்பு செலவழிக்கிறேன்.

அப்புறம் மூங்கிலைக் கையில் கொடுத்து மெதுவாக எழுதச் சொன்னேன். கோடு நடுங்கியது. வேகமாக எழுதச் சொன்னேன், நேராக நின்றது. மற்றப் பிள்ளைகளுக்கு இது தலைகீழ். அவனுக்கு இனி மெதுவாக இழுக்கும் பயிற்சி வேண்டும், மற்றவர்களுக்கு வேகம் வேண்டும். ஆளுக்கொரு பலவீனம் என்பதால் ஜோடி ஜோடியாக உட்கார வைத்திருக்கிறேன்.

முதல் பக்கத்தை வனப்பெழுத்தாக எடுத்துக்கொண்டு பத்துக்கு எட்டு போட்டேன். சிவப்பு மையில் எழுதியதை அவன் முன்னாலேயே அடித்தேன். இரண்டாம் பக்கத்தை எழுத்து வடிவமைப்புப் பாடத்துக்கு வைத்திருக்கச் சொன்னேன்; அது அடுத்த மாதம் வரும், அங்கே அதற்குத் தனி மதிப்பெண். இன்னொன்றும் கேட்டேன். அவன் இதுவரை எழுதிய ஒரே சுவர் அவன் பெரியப்பாவின் பம்புசெட்டுக் கொட்டகையாம், கரித்துண்டால், கேட்டுவிட்டுத்தான் எழுதினானாம்.

பள்ளியின் பின்பக்கச் சுவரில் பன்னிரண்டு அடி நீளத்துக்கு எழுத அனுமதி வாங்கிவிட்டேன். மேலே தமிழம்மா சொன்ன தெளிவான வரி, கீழே பிள்ளைகளின் வரிகள். மன்னை அண்ணே, பழைய சுவர், உப்புப் பூத்திருக்கிறது. சுண்ணாம்பை எப்படி அடிப்பது?

மன்னை பிரஷ்காரர்

உப்பை முதலில் நாரால் தேய்த்து உதிர்த்துவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். சுண்ணாம்பை முந்தின நாளே ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் பசை கலந்து அடியுங்கள். இல்லாவிட்டால் கையோடு வரும். இரண்டு கை அடிக்க வேண்டும். முதல் கை நன்றாகக் காய்ந்த பிறகுதான் இரண்டாவது. வெயில் ஏறின சுவரில் அடித்தால் வெடிக்கும், காலையில் அடியுங்கள்.

நூல் சுண்டும்போது பிள்ளைகளையே முனை பிடிக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை அடித்து வையுங்கள். ஞாயிறு காலை மன்னார்குடியில் முதல் பஸ் ஏறினால் ஒன்பது மணிக்குள் குடந்தைக்கு வந்துவிடுவேன். ஒரு அங்குலப் பட்டை பிரஷ் ஆறு இருக்கிறது, கொண்டுவருகிறேன். அந்தத் தம்பியை மட்டும் அன்றைக்கு மார்க்கரை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.